துறைமுகத்துக்கு ஒரு யூபோனியம்

மற்ற நாடுகளில் ஒரு பாண்டுக்கு என்ன வாசிப்பது என்பதை எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்களோ, ஐறீனுக்குத் தெரியாது. ருசியைப் பார்ப்பார்களாக்கும். கூட்டத்துக்குப் பிடிக்குமா, கேட்க நன்றாயிருக்குமா என்று பார்ப்பார்களாக்கும். கொட்டாஞ்சேனையில் அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது, டிசம்பர் மாதக் கொன்சேட் அன்றைக்கு யார் யார் நாட்டில் இருப்பார்கள் என்பதை.

போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. சொல்லமாட்டார்கள். விசா குத்திய பாஸ்போட் சட்டைப் பையில் இருக்கும்போதே, "ச்சீ, நான் எங்க போறது?" என்பார்கள். கண்பட்டுவிடும் என்ற பயம் பாதி. ஏஜென்சிக்காரன் நடுவழியில் கைவிட்டால் திரும்பி வந்து அதே சனத்தின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற வெட்கம் மீதி. விமானம் ஏறும்வரை வாய் திறப்பதில்லை என்பது எழுதாத சட்டம். அதை மதிக்காதவர் என்று ஐறீனுக்குத் தெரிந்த தமிழர் ஒருவரும் கொழும்பில் இல்லை. அவளுடைய சொந்தத் தங்கையே அப்படித்தான் போனாள்.

ஆனால் பாண்டை நடத்துகிறவள் என்பதால் ஐறீனுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. வரதராசா கற்றுத் தந்தது அது. ட்றம்பெற் வாசித்த வரதராசா, மேல் சுரம் ஒன்று வந்தால் போதும், பல்வலி வந்தவர்போல முனகுவார். ஒரு சனிக்கிழமை ஐறீன் அவருக்கு முன்னால் முழுக்க முழுக்க மேல் சுரமாக இருந்த ஒரு தாளை வைத்தாள். "எதெண்டாலும் பரவாயில்லை டீச்சர், வாசிக்கலாம்" என்றார். திருந்திவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டாள். மாதம் முடியுமுன் சுவிஸிலிருந்து பனிக்குள் நிற்கிற படம் வந்தது. பிறகு மூன்றாவது கிளாரினெற் கௌரி. அவளும் ஒருநாள் "எனக்கு ஓகே டீச்சர்" என்றாள். பிறகு ட்றொம்போன்காரர்கள் இரண்டு பேரும், ஒரே கிழமையில். முறைப்பாடு சொல்கிறவர் இருப்பார், முறைப்பாட்டை நிறுத்தியவர் போகப்போகிறார். அந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை.

போகிறவர்கள் சும்மா போவதுமில்லை. இசைத்தாளையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதனால் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்த மர அலுமாரியில் ஒழுங்கான உருப்படி ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் ஐறீனுக்கு இரத்தம் கொதித்துவிடும். ஒன்றின் இரண்டாம் ட்றம்பெற் தாள் ஒஸ்லோவில் இருந்தது. ஒன்றின் முதல் சக்சபோன் ஸ்காபரோவில். எல்லாத் தாளும் இருந்த உருப்படிகளைக் கறையான் தின்றிருந்தது.

தப்பியது ஒன்று. அதன் பெயர் 'துறைமுகம்'. மலைநாட்டில் துரைமார் கிளப் ஒன்றின் பாண்ட் கலைந்தபோது ஐறீன் போய் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்ததில் கிடைத்தது. நாலு பகுதி. ஒரு வாத்தியத்துக்குக்கூடத் தாள் குறையவில்லை. மூன்றாவது பகுதியில் மற்ற எல்லோரும் அடங்கிப்போக, யூபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழல் தனியாக எழும்பி ஒரு மெட்டை வாசிக்கும். ஐறீன் அதைப் பியானோவில் வாசித்துப் பார்த்த முதல்நாளே வாழ்க்கையில் ஒருதரம் இதை மேடையில் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த வருடம் கொன்சேட்டே நடக்கவில்லை. அடுத்த வருடம் நாள்முழுக்க மின்வெட்டு. இந்த வருடமும் விட்டால் வாசிக்க ஆள் மிஞ்சாது.

யூபோனியத்துக்கு ஆள் இருந்தார். அந்த ஆள்தான் தொல்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மனைவி பாலேஸ்வரியோடு இருந்த கதிர்காமநாதன், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்து இளைப்பாறியவர். யாழ்ப்பாணத்தில் படித்தபோது பள்ளிக்கூடக் கடேற் பாண்டில் யூபோனியம் பிடித்தவர், அதற்குப் பிறகு விடவில்லை. பாண்டின் செயலாளரும் அவரே. நல்ல மனுஷன், நேர்மையான மனுஷன், கெட்டிக்கார வாத்தியக்காரன். ஆனால் உருப்படி தெரிவுசெய்யும் கமிற்றியில் அவரோடு ஒரு பின்னேரம் இருந்து எழும்பினால் ஐறீனுக்குத் தலையிடிக்கு இரண்டு பனடோல் போடவேண்டி வரும்.

ஒக்டோபரில் கமிற்றி கூடியது. கமிற்றி என்றால் மூன்று பேர்: ஐறீன், கதிர்காமநாதன், டிரம் அடிக்கிற பீபி. பீபி கொம்பனித்தெரு மலாய்க்காரி. தகப்பன், பெரியப்பன் எல்லோரும் பொலிஸ் பாண்டில் இருந்தவர்கள். அதனால் பாண்ட் விஷயத்தில் யாருக்கும் பயப்படமாட்டாள். வாய் அதைவிடப் பெரிது.

கதிர்காமநாதன் வழக்கம்போலப் பிந்தி வந்தார். வாத்தியப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைத் துடைத்தார்.

"மூண்டு செக்பொயின்ற்றில மறிச்சுப்போட்டாங்கள் டீச்சர். 'மே மொகக்த', இதென்ன எண்டு கேட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்றாங்கள். திறந்தா, குழாயைப் பார்த்திட்டு ஊதிக் காட்டச் சொல்றாங்கள்."

"என்னத்தை ஊதினியள்?" என்று கேட்டாள் ஐறீன், பதில் தெரிந்துகொண்டே.

"குதிரை மார்ச்தான்."

அதுதான் அவருடைய உருப்படி. வெள்ளைக்காரன் காலத்துப் பழைய மார்ச் ஒன்று. தாளின் மேலே குதிரை படம் போட்டிருக்கும். அதனால் எல்லோருக்கும் அது குதிரை மார்ச். பாண்ட் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு கொன்சேட்டிலும் அதை வாசித்தார்கள். ஐறீன் அதை வெறுத்தாள். கனவில் வந்தாலும் விழித்துவிடுவாள்.

"இந்த முறை குதிரை இல்லை அண்ணை," என்றாள். "இந்த முறை துறைமுகம்."

"அது கொட்டாஞ்சேனைச் சனத்துக்குச் சரிவராது."

"ஏன் சரிவராது?"

"நீளம்."

"குதிரை மார்ச் மட்டும் கட்டையோ?"

"அதுவும் நீளம்தான். ஆனா நீளம் தெரியாது."

ஐறீன் கண்ணை மூடித் திறந்தாள். பீபி தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டு, "அவருக்குக் குதிரைய உட்டா வேறொண்டுலயும் ஏறத் தெரியாது டீச்சர்," என்றாள்.

"நீர் சும்மா இரும் பீபி. நான் காரணத்தோட கதைக்கிறன். இப்ப பம்பலப்பிட்டியில மறிக்கிறான். நான் உங்கட துறைமுகத்தை எடுத்து ஊதினா என்ன நடக்கும்? அந்தப் பொடியன் நித்திரையாப் போயிடுவான். குதிரை மார்ச் எண்டா காலைத் தட்டிக் கேட்டிட்டு 'யண்ட', போ எண்டு விடுறான். அந்த மார்ச்சில ஏதோ இருக்குத்தானே?"

"எங்கட பாண்டுக்குப் பாட்டுத் தெரிவுசெய்யிறது செக்பொயின்ற்றில நிக்கிற ஆமிப் பொடியனோ?"

"சனத்தின்ர ருசியைச் சொல்றன்."

"உங்கட ருசியைச் சொல்றியள்."

"சரி, என்ர ருசிதான். அதோட மூண்டாவது பகுதியில நான் தனிய ஊதவேணும். அறுபத்திரண்டு வயசு எனக்கு. மூச்சு முட்டும். கொன்சேட் நடுவில நான் விழுந்தா ஆர் பதில் சொல்றது? பாலேஸ்வரிக்கு நீங்களே பதில் சொல்லுவியள்?"

இந்த மூச்சுக் கதை நாலு வருடமாக நடக்கிறது. இதே மனுஷன் ஒழுங்கையிலிருந்து பஸ் நிலையம்வரை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெருமூச்சு விடாமல் நடக்கிறவர். ஐறீன் அதைச் சொன்னாள். அவர் அது வேறு மூச்சு என்றார். எப்படி வேறு என்று அவள் கேட்டாள். அவர் விளக்கத் தொடங்கினார். பீபி எழும்பிப்போய் பற்றீஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். அவர் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் செலீன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாண்டில் மிஞ்சியிருந்த ஒரே கிளாரினெற் அவள். பகலில் கோட்டையில் ஒரு கம்பனியில் ரைப் அடித்துவிட்டு, சனிக்கிழமைகளில் இங்கே வந்து, நாட்டை விட்டுப் போனவர்கள் எல்லோருக்குமாக வாசிக்கிறவள். ஆளில்லாத வாத்தியத்தின் மெட்டை இருக்கிறவரின் தாளில் சிவப்பு மையால் பொடியாக எழுதிவைப்பது ஐறீனின் வழக்கம். தேவைப்பட்டால் அவர் அதை எடுத்து வாசிக்கவேண்டும். செலீனின் தாள்களில் இப்போது கறுப்பைவிடச் சிவப்புத்தான் அதிகம்.

"டீச்சர், இதென்ன அநியாயம்?" என்றாள் தாளை ஆட்டிக்கொண்டு. "என்ட பார்ட்டையும் வாசிச்சு, கௌரிட பார்ட்டையும் வாசிச்சு, நடுவுல வரதராசா அங்கிள்ட ட்றம்பெற்றையும் வாசிச்சா, நான் எங்க மூச்சு விடுற?"

"கிளாரினெற்றுக்கு என்ன பிள்ளை மூச்சு?" என்றார் கதிர்காமநாதன். "தேத்தண்ணி ஆத்திறதுக்கு ஊதிற காத்து. யூபோனியத்தை ஊதிப் பாரும், அப்ப தெரியும்."

"பாருங்க டீச்சர் இவர!"

ஐறீனுக்கு இரண்டு பேரையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவேண்டும் போலிருந்தது. ஆனாலும் செலீனின் புலம்பலைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைப்பதற்கில்லை. இந்தப் பெண் டிசம்பரில் இருப்பாள்.

முடிவு எதுவும் எடுக்காமலே கமிற்றி கலைந்தது.

அடுத்த சனிக்கிழமைக்குள் ஐறீன் சண்டைக்கு ஆயத்தமாகிவிட்டாள். நீளம் என்றால் இரண்டாம் பகுதியை விடலாம். சனம் என்றால், போன தடவை குதிரை மார்ச் நடக்கும்போது பின்வரிசையில் சனம் என்ன செய்தது என்று கேட்கலாம். மூச்சு என்றால், உட்கார்ந்தபடி வாசியுங்கள் எனலாம். குசினியில் நின்று வெங்காயம் வெட்டும்போதே அவரோடு வாதாடினாள். இரண்டுமுறை வென்றாள்.

அன்றைக்கு அவர் நேரத்துக்கு வந்துவிட்டார். பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் யோசிச்சுப் பார்த்தனான். துறைமுகத்தையே போடுவம்."

ஐறீனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதைப் பொய் என்று சொல்லமுடியாது. நாலு வருடம்! எழும்பி அந்த மனுஷனின் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும் போலிருந்தது. கைகூட மேசையை விட்டு எழும்பிவிட்டது.

பீபியின் கரண்டி கோப்பைக்குள் நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் ஐறீனுக்கு உறைத்தது.

"நாலு பகுதியும் வாசிக்க வேணும் அண்ணை," என்றாள். நல்ல காலம், குரலில் ஒன்றும் தெரியவில்லை. "ஒண்டும் விடப்போறதில்லை."

"ஓம், முழுக்க வாசிப்பம். அதுதானே அழகு."

"குதிரை மார்ச் இல்லை."

"தேவையில்லை. கனகாலம் வாசிச்சாச்சு."

"மூண்டாவது பகுதியில நீங்கள் எழும்பி நிண்டு ஊத வேணும்."

"நிண்டு ஊதுறன்."

ஒவ்வொரு சம்மதமும் அவளுக்கு அடி விழுந்தது போலிருந்தது. ஒரு இடத்திலாவது கொளுவுவார், ஒரு 'ஆனா' போடுவார் என்று காத்திருந்தாள். மூச்சு என்ன ஆனது என்று கேட்கலாம். மூச்சு முட்டும் என்று சொன்னீர்களே, அந்த மூச்சு எங்கே போனது? வேறு மூச்சு என்று ஒரு பின்னேரம் முழுக்க விளக்கினீர்களே?

கேட்கக்கூடாத கேள்வியைத்தான் கடைசியில் கேட்டாள். "டிசம்பருக்கு இருப்பியள்தானே?"

கதிர்காமநாதன் சிரித்தார். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "ச்சீ, நான் எங்க போறது?"

வரதராசாவும் இதே சொல்லைத்தான் சொன்னார். கௌரியும் சொன்னாள். தங்கை சொன்னபோது சிரித்த சிரிப்புக்கூட இதே சிரிப்புத்தான். ஐறீன் கொப்பியில் 'துறைமுகம்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். பேனை தாளைக் கிழித்தது.

அவர் முன்னுக்குப் போனதும் பீபி பக்கத்தில் வந்து நின்றாள். "மகள் கனடாவுல ஈக்கிறாதானே," என்றாள் மெல்ல. "போன மாசம் லொட்ஜ், வீடெல்லாம் செக் பண்ணக்குள்ள அவரையும் பொலிசுக்குக் கூட்டிட்டுப் போய் விடியும்வரை நிக்க வெச்சாங்களாம். பாலேஸ்வரி அக்கா அண்டைக்கே முடிவெடுத்திருப்பா."

"எனக்கு ஒண்டும் சொல்லாத," என்றாள் ஐறீன். "எனக்கு ஒண்டும் தெரியாது. அவர் எங்கயும் போகல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவுடன் அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கோபம் அடங்கவில்லை. யாரில் கோபம் என்பதுதான் தெரியவில்லை. கதிர்காமநாதனில் கோபம். வாத்தியப் பெட்டி பிடித்த ஒரு கிழவனை விடியும்வரை நிற்கவைத்தவனில் கோபம். கனடாவில் கோபம். நாலு வருடமாக இந்தச் சம்மதத்துக்கு ஏங்கின தன்னிலும் கோபம். கேட்டது கிடைத்துவிட்டது, வைத்துக்கொண்டு என்ன செய்வது? உருப்படியை மாற்றிவிடலாம். ஆனால் எதை மாற்றுவது? யூபோனியம் இல்லாமல் வாசிக்க அலுமாரியில் ஒன்றுமே இல்லை, குதிரை மார்ச் உட்பட.

கடைசியில் செலீனின் தாளை எடுத்து, சிவப்புப் பேனையைத் திறந்து, மூன்றாவது பகுதியின் யூபோனிய மெட்டைக் கிளாரினெற்றுக்கு ஏற்ற சுருதியில் பொடிப்பொடியாக எழுதத் தொடங்கினாள். எழுதும்போது ஒவ்வொரு சுரமும் அவருடைய குரலில் வாதாடியது.

அடுத்த சனிக்கிழமை தாள்களைப் பகிர்ந்தபோது செலீன் உடனே தொடங்கிவிட்டாள். "ஐயோ டீச்சர், இன்னும் சிவப்பா? இது ஆர்ட பார்ட்?"

"வாயை மூடிட்டு வாசி."

செலீனுக்குப் பக்கத்து வரிசையில் இருந்தவர் கதிர்காமநாதன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளுடைய தாளை எட்டிப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தன் தாளைப் பார்த்தார். இரண்டும் ஒரே மெட்டு என்று அவருக்கு விளங்காதா? ஐறீன் வேண்டுமென்றே சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

மூன்றாவது பகுதி வந்தபோது அவர் எழும்பி நின்று ஊதினார். மற்ற எல்லோரும் அடங்கினார்கள். வெளியே போன ஓட்டோவின் சத்தம்கூட ஒருவருக்கும் கேட்கவில்லை. மூச்சு முட்டவில்லை. அந்த மனுஷனுக்கு எந்தக் காலத்திலும் மூச்சு முட்டியதில்லை. வீட்டில் இதை எத்தனை நாள் பழகியிருப்பார் என்று ஐறீன் கணக்குப் பார்த்தாள். அவளுக்குக் கேட்கவேண்டியிருந்தது இதுதான். கேட்டுவிட்டாள், மேடையில் இல்லாவிட்டாலும்.

முடிந்ததும் அவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கூப்பிட்டார்.

"டீச்சர்."

"என்ன?"

"இந்த நாலாவது வரியில பிள்ளைக்கு மூச்சு விட ஒரு இடம் வையுங்கோ. நான் ஒரே மூச்சில போறன். அவவுக்கு ஏலாது."

செலீன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கிளாரினெற்றுக்கு என்ன மூச்சு என்று கேட்ட மனுஷன். அவளுடைய முகத்தில் கேலி வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அது சும்மா எழுதி வச்சது," என்றாள் ஐறீன், தேவைக்கு மேலே சத்தமாக. "வாசிக்கப்போறது நீங்கள்தானே."

"ஓம், ஓம். நான்தான்." யூபோனியத்தின் வாயைக் கைலேஞ்சியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். "எதுக்கும் வையுங்கோ."

அவள் இறங்கி வந்து, செலீனின் தாளில் நாலாவது வரிக்கு மேலே மூச்சுக்குறியைப் போட்டாள். குறி பெரிதாக விழுந்துவிட்டது. திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"குதிரை மார்ச்சை எடுங்கோ," என்றாள்.

"அது இந்த முறை இல்லையே டீச்சர்?" என்றாள் செலீன்.

"எடுங்கோ எண்டு சொன்னனான்."

தாள்கள் சரசரத்தன. பீபி ஒரு கேள்வியும் கேட்காமல் டிரம் குச்சியை எடுத்தாள். ஐறீன் கோலை உயர்த்தி, அந்த மார்ச்சை யாரும் வாசித்திராத மாதிரி, பிரேதத்துக்குப் பின்னால் போகிற வேகத்தில் தொடங்கினாள். குதிரை நொண்டியது. முதல் வரி முடிந்து இரண்டாம் வரி தொடங்கவும் யூபோனியம் பட்டென்று நின்றது.

"டீச்சர்! இதென்ன கூத்து?" கதிர்காமநாதன் எழும்பி நின்றுவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "ஆர் இதை இப்பிடி வாசிக்கிறது? இது மார்ச்சோ, செத்த வீடோ? இத்தனை வருஷமா வாசிக்கிறம், இன்னும் இதின்ர வேகம் தெரியாதே உங்களுக்கு?"

ஐறீன் கோலைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"எனக்கே வேகம் சொல்லித் தாறியள்?" என்றாள். "சரி, வாங்கோ. இண்டைக்கு இதைக் கதைச்சு முடிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போறது."